பாதுகாவலரின் வேண்டுகோளின்படி

மடுல்கெல்ல
09.06.2024

அன்புள்ள மகள் யசோதினிக்கு,

இந்தக் கடிதத்தை நீ பிரிக்கும்போது இருமல் விட்டிருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு தொடங்குகிறேன். உனக்கு முன்னால் இதை வாசிக்கப்போகும் விடுதிப் பொறுப்பாளர் மேற்றன் நல்லம்மா அவர்களுக்கும் என் வணக்கம். நான் சுகம். உன் அம்மா பாலம்மாவும் சுகம். போன ஞாயிறு தேயிலை மலையில் வேலை இல்லாததால் இங்கே வந்தாள். உன் முதலாம் தவணை ரிப்போட்டை என் மேசையில் வைத்துவிட்டு, "நீங்களே பாத்து எழுதுங்க மாமா. நான் எழுதப் போனா மார்க்க விட்டுட்டு, சாப்புட்டியா தூங்குனியான்னு கேட்டு முடிச்சிருவேன்" என்றாள்.

உன் அப்பா, என் தம்பி ரமேஸ், காலமானதிலிருந்து கல்லூரிப் பதிவேட்டில் பாதுகாவலர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. ஆகவே கேட்க வேண்டியிருக்கிறது. விடுதியில் கைத்தொலைபேசிக்கு அனுமதி இல்லை. கடிதத்தில் கேட்பது விடுபடாமலிருக்க இலக்கமிட்டுக் கேட்கிறேன். பதிலையும் அதே இலக்கப்படி எழுது.

1. இருமல் எப்படி?
2. கணிதத்தில் சென்ற வருட இறுதியில் 71. இப்போது 54. காரணம் என்ன?
3. நான் மாதாமாதம் அனுப்பும் கணக்கு விளக்கங்கள் பயன்படுகின்றனவா?
4. பெப்ரவரி 11ஆந் திகதிக் கடிதத்தில் ஹொக்கிக் குழுவில் இருப்பதாக எழுதியிருந்தாய். வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மணித்தியாலம்?
5. வேறு ஏதும் தேவையா?

வலயக் கல்வி அலுவலகத்தின் புள்ளிவிபரப் பிரிவில் முப்பத்து நான்கு வருடங்கள் பிள்ளைகளின் மார்க்குகளை நிரல் போட்டவன் நான். ஒரு பிள்ளையையும் வளர்த்தவனல்ல. நான் கேட்பதில் பிழை இருந்தால் பிழை என்றே எழுது.

உன் நன்மையை நாடும் பெரியப்பா,
க. முத்துலிங்கம்

*

மகளிர் விடுதி, கண்டி
19.06.2024

என் அன்புப் பெரியப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்களும் அம்மாவும் சுகமாக இருப்பது அறிந்து நிம்மதி. இலக்கப்படி பதில்:

1. இருமல் நின்றுவிட்டது. மேற்றன் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார்.
2. சரியாகத் தெரியவில்லை, பெரியப்பா. வகுப்பில் எல்லோருக்குமே குறைந்துதான் இருக்கிறது.
3. பயன்படுகின்றன. உங்கள் எழுத்து அச்சுப் போல இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.
4. நான்கு நாள், பின்னேரம் மூன்றிலிருந்து ஐந்தரை வரை. சனிக்கிழமை காலை மூன்று மணித்தியாலம்.
5. ஒன்றும் வேண்டாம்.

நான் கோல் காப்பவள் என்பதை எழுதியிருக்கிறேனா? நானும் பஸ்லினாவும் மாறி மாறிக் காக்கிறோம். அவள் தெல்தெனியப் பிள்ளை, என் பக்கத்துக் கட்டில். கல்லூரியில் காலுக்குக் கட்டும் பேட் ஒரு சோடிதான் இருக்கிறது. ஒருத்தி கட்டினால் மற்றவள் கோலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். பேட் எனக்கு இடுப்பு வரை வருகிறது. "ஏய் மடுல்கெல்ல, நீ உள்ளுக்கு நிக்கவே தேவல்ல. பேட்ட மட்டும் நிறுத்தி வெச்சா போதும், பந்து போகாது" என்று பஸ்லினா கத்துவாள். நான் பந்துக்குப் பயப்படுகிறேன் என்று பயிற்றுநர் ரிஸ்மி சேரிடமும் சொல்லிக் கொடுத்தாள். அவர், "பயம் இருக்கட்டும். பயந்தவதான் பந்து வர முந்தியே எடத்துக்கு வருவா" என்றார். அன்றிலிருந்து எனக்குப் பயத்தைப் பற்றிக் கவலை இல்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊருக்குப் போய் நேற்றுத் திரும்பியவள் எனக்கென்று வட்டிலப்பம் கொண்டு வந்தாள். பாதியை அவளே தின்றுவிட்டாள்.

இப்போது நானும் இலக்கம் போட்டுக் கேட்கிறேன்.

1. உங்கள் முழங்கால் வலி எப்படி?
2. செப்டெம்பரில் மாத்தளையில் மாகாணப் போட்டி. சம்மதப் படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ஜூலை 10க்கு முன் கையெழுத்திட்டு அனுப்புவீர்களா? பதினேழு வயதுக்குட்பட்ட பிரிவில் எனக்கு இதுதான் கடைசி வருடம். முதலாவது கோல் காப்பாளராக என் பெயரைத்தான் ரிஸ்மி சேர் எழுதியிருக்கிறார்.
3. அம்மாவின் விரலில் வெட்டிய காயம் ஆறிவிட்டதா?

உங்கள் அன்பு மகள்,
யசோதினி

*

மடுல்கெல்ல
26.06.2024

அன்புள்ள மகள் யசோதினிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை கைக்கு வந்தது. இருமல் நின்றது சந்தோஷம். இங்கே நாலு நாளாக அடை மழை. உன் அம்மா கால் முழுக்க அட்டைக்கடியோடு வந்தாள். அதைத் தவிர அவளுக்குக் குறையொன்றுமில்லை.

1. முழங்கால் வலி மழைக்குக் கூடும், வெயிலுக்குக் குறையும். பழகிவிட்டது.
3. அம்மாவின் காயம் ஆறிவிட்டது.

படிவம் பத்திரமாக இருக்கிறது. இம்மாதக் கணக்கு விளக்கம் பதினான்கு பக்கம். வட்டத்தின் நாண் பற்றியது. ஒவ்வொரு படிக்கும் காரணம் எழுதியிருக்கிறேன், அவசரப்படாமல் பார். சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் ஒன்பது மாதங்கள்கூட இல்லை.

பஸ்லினாவுக்கு என் அன்பைச் சொல்.

பெரியப்பா,
க. முத்துலிங்கம்

*

மடுல்கெல்ல
01.07.2024

கல்லூரி அதிபர் அவர்கட்கு,

மதிப்பிற்குரிய அம்மணி,

தரம் 11 மாணவி ர. யசோதினியின் பாதுகாவலர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். தங்களுக்குத் தொல்லை தருவதற்கு மன்னிக்க வேண்டும்.

மாணவியின் கணிதப் புள்ளிகளை அட்டவணையாக இணைத்துள்ளேன். சென்ற வருடத்தின் மூன்று தவணைகளிலும் முறையே 52, 63, 71. இவ்வருடம் பெப்ரவரியில் ஹொக்கிக் குழுவில் சேர்ந்தாள். அந்தத் தவணையில் 54. பயிற்சிக்கு வாரம் பதின்மூன்று மணித்தியாலங்கள் போகின்றன. ஒரு தவணைக்குக் கணக்கிட்டால் நூற்றைம்பதுக்கு மேல். சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறிய எங்கள் தோட்டத்துப் பெண்பிள்ளைகளின் பெயர்களை வருடாவருடம் என் கையால் எழுதியவன் நான். அவர்களில் பலர் அடுத்த மாதமே கொழும்புக்குத் துணிக்கடைகளுக்கும் வீட்டு வேலைக்கும் பஸ் ஏறியதையும் பார்த்தவன்.

ஆகவே பரீட்சை முடியும்வரை அவளை ஹொக்கிக் குழுவிலிருந்து விடுவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு வேண்டுகோள். இது என்னிடமிருந்து வந்ததென்று பிள்ளைக்குத் தெரிய வேண்டாம். கல்லூரியின் தீர்மானம் என்றே இருக்கட்டும். தகப்பன் இல்லாத பிள்ளை. அவள் மனம்விட்டு எழுதுவது எனக்கு மட்டும்தான். அது நின்றுபோகுமோ என்று அஞ்சுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
க. முத்துலிங்கம்

*

மகளிர் விடுதி, கண்டி
14.07.2024

பெரியப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் சுகமா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை பயிற்சிக்குப் போனபோது ரிஸ்மி சேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "யசோ, நீங்க இந்த வருஷம் வர வேணாம். படிப்பப் பாக்கட்டுமாம். அதிபர் சொல்லிட்டாங்க" என்றார். யார் சேர் போய்ச் சொன்னது என்று கேட்டேன். "யாரும் ஒண்ணும் சொல்லல்ல. போங்க" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் பந்துகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

யாரோ சொல்லியிருக்கிறார்கள், பெரியப்பா. வகுப்பில் என்னைவிட மார்க் குறைந்த நான்கு பேர் குழுவில் இருக்கிறார்கள். அவர்களை ஒன்றும் செய்யவில்லை. அதற்கு முதல் வெள்ளிக்கிழமை பஸ்லினா அதிபரின் அறைக்கு வெளியே நின்றதை நானே கண்டேன். என் மார்க் என்னவென்று முழுதாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நான் போனால் பேட் யாருக்கு என்பதும் தெரியும். என்னை எடுத்த அன்றைக்கே அவள் பேட்டைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. மேற்றனிடம் அனுமதி வாங்கிக் கட்டிலை ஜன்னல் பக்கம் மாற்றிக்கொண்டேன். "எனத்துக்கு இப்பிடிச் செய்ற?" என்று பின்னாலேயே வந்தாள். நான் போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன்.

படிவத்தை இனி அனுப்ப வேண்டாம். கிழித்துவிடுங்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த இடத்தை மட்டும் கிழிக்காமல் வைத்திருங்கள்.

யசோதினி

*

மடுல்கெல்ல
22.07.2024

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். உன் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாரு மாமா இப்புடிச் செஞ்சிருப்பாங்க?" என்று கேட்டாள். நாங்கள் இருவரும் உடம்புக்குச் சுகமாகவே இருக்கிறோம்.

கல்லூரி ஒரு தீர்மானம் எடுத்தால் அதற்குக் காரணம் இருக்கும். உன் நன்மைக்காகவும் இருக்கலாம். பஸ்லினா என்று உறுதியாகத் தெரியாமல் அவளைச் சந்தேகிப்பது நியாயமாகாது என்று எனக்குத் தோன்றுகிறது. என் அபிப்பிராயம் மட்டுமே. நான் அங்கே இல்லாதவன்.

இப்போது வாரத்தில் பதின்மூன்று மணித்தியாலங்கள் மீதமாகும். அதற்கு ஒரு நேரசூசி போட்டு இணைத்திருக்கிறேன். இரண்டாந் தவணைப் பரீட்சைக்கு இருபது நாட்களே இருப்பதால் கணிதத்துக்கு ஏழு மணித்தியாலம் ஒதுக்கியிருக்கிறேன். கூடுதலாகத் தோன்றினால் எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு.

பெரியப்பா

*

மகளிர் விடுதி, கண்டி
28.08.2024

பெரியப்பாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். சுகம். பெரஹெரா முடிந்த குப்பை இன்னும் வாவிக் கரையில் கிடக்கிறது.

லீவில் உங்கள் வீட்டில் இரண்டு நாள் இருந்தபோது மார்க் வந்திருக்கவில்லை. இப்போது வந்துவிட்டது. கணிதம் 41.

நீங்கள் கேட்கப்போவதை நானே எழுதிவிடுகிறேன். நேரசூசிப்படி ஏழு மணித்தியாலமும் மேசையில் இருந்தேன். விளக்கக் குறிப்புகளையும் திறந்து வைத்திருந்தேன். பெரியப்பா, அவை எனக்கு ஒருநாளும் விளங்கியதில்லை. ஒரு வரியில் இரண்டு காரணம் எழுதுகிறீர்கள். உங்களுக்கு மனக்கஷ்டமாகும் என்று பயன்படுகிறது என்றே எழுதிவந்தேன். எனக்குக் கணக்குச் சொல்லித் தந்தது பஸ்லினா. கோலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது, பந்து அந்தப் பக்கம் இருக்கும் நேரமெல்லாம், குச்சியால் மண்ணில் கீறிக் காட்டுவாள். நான் பேட் கட்டி நின்றால் உரக்கக் கேட்பாள். பந்து இந்தப் பக்கம் வருவதற்குள் விடை சொல்ல வேண்டும்.

இப்போது அது இல்லை. நான் அவளோடு பேசுவதில்லை.

லீவில் இரண்டாம் நாள் காலை நீங்கள் என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். என்னவோ சொல்லப்போகிறீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் உருளைக்கிழங்கு வறுக்கவா, குழம்பு வைக்கவா என்று கேட்டீர்கள். அதற்கா அவ்வளவு நேரம் எடுத்தீர்கள் என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

யசோதினி

*

மகளிர் விடுதி, கண்டி
04.09.2024

மதிப்பிற்குரிய முத்துலிங்கம் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் உடல்நலத்துக்குப் பிரார்த்திக்கிறேன். விடுதியிலிருந்து ஒரு மேற்றன் பாதுகாவலருக்குத் தனியாக எழுதுவது வழக்கமில்லை. பிள்ளைகளுக்கு வரும் கடிதங்களையும் அவர்கள் எழுதும் கடிதங்களையும் வாசிப்பது என் கடமை. வாசித்ததைப் பற்றிப் பேசாமலிருப்பதும் கடமை. இருபத்தொரு வருடங்கள் அப்படித்தான் இருந்தேன். தாங்கள் அதிபருக்கு எழுதியதும் எனக்குத் தெரியும். விடுதிப் பிள்ளை என்பதால் அதிபர் என்னிடம் காட்டினார். தங்கள் விருப்பப்படி நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

இரண்டு விஷயங்களைத் தாங்கள் அறியாமல் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பயிற்சியால் பிந்தி வரும் பிள்ளைகளுக்குத் தேநீர் மூடி வைக்க நான் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். அதில் யசோதினியின் பெயர் சென்ற வருடம் ஜனவரியிலிருந்தே இருக்கிறது. இவ்வருடம் பெப்ரவரியில் அவள் குழுவில் சேரவில்லை. அப்போதுதான் தங்களுக்கு எழுதினாள். அடுத்தது, முதலாந் தவணையில் கணித ஆசிரியை பிரசவ விடுமுறையில் இருந்தார். பதிலுக்கு எவரும் வரவில்லை. அந்த வகுப்பு முழுவதும் இறங்கியது.

பஸ்லினா அன்று அதிபரின் அறைக்கு வெளியே நின்றது, தன் வாப்பாவுக்கு உடம்பு வருத்தம் என்று லீவு கேட்க. அவளை யாரும் கேட்காததால் அவளும் யாருக்கும் சொல்லவில்லை. போன வாரம் பேட்டைத் திருப்பிக் கொடுக்கப் போய்விட்டாள். ரிஸ்மி சேர், "அப்ப கோலுக்கு யார் நிக்கிற, நானா?" என்று ஏசி அனுப்பினார். பெயர்ப்பட்டியல் ஜூலை முடிவிலேயே போய்விட்டது. இனி யசோதினியைச் சேர்க்க முடியாது.

நான் எழுதியது அதிகம் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நல்லம்மா

*

மடுல்கெல்ல
08.09.2024

மகள் யசோதினிக்கு,

சுகம் விசாரித்துத் தொடங்கினால் வழியிலேயே நின்றுவிடுவேன். ஆகவே முதல் வரியிலேயே எழுதுகிறேன். உன்னை ஹொக்கிக் குழுவிலிருந்து எடுக்கும்படி அதிபருக்கு எழுதியது நான். என் பெயரை உனக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டதும் நான். பஸ்லினா ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று அவள் நின்றது வாப்பாவின் வருத்தத்துக்கு லீவு கேட்பதற்காக.

உன் கடிதங்களைத் திகதிப்படி அடுக்கி வைத்திருக்கிறேன். நீ முதன்முதல் ஹொக்கி என்று எழுதிய நாளை, நீ விளையாடத் தொடங்கிய நாள் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு வருடம் பிழை. நீ விளையாடிய வருடத்தில்தான் மார்க் ஏறியிருக்கிறது. வகுப்பில் எல்லோருக்கும் குறைந்தது என்று நீ எழுதினாய். பிள்ளைகள் சொல்லும் சாட்டு என்று விட்டுவிட்டேன். அலுவலகத்தில் புதிதாக வரும் எழுதுவினைஞருக்கு முதல் நாள் நான் சொல்லிக் கொடுப்பது, வகுப்புச் சராசரியைப் பார்க்காமல் ஒரு பிள்ளையின் மார்க்கைப் பற்றி வாய் திறக்காதே என்பதுதான். ஹொக்கியால் மார்க் ஏறும் என்று இப்போது சொல்லவும் எனக்குத் துணிவில்லை. உன்னைப் பற்றி இனி அட்டவணை போட மாட்டேன்.

என் வேண்டுகோளைத் திருப்பி எடுத்து அதிபருக்கு எழுதிவிட்டேன். மாத்தளைக்குப் பெயர்கள் போய்விட்டன. அதை என்னால் திருத்த முடியாது.

நீ படிவத்தில் கையெழுத்தை மட்டும் கிழிக்காமல் வைக்கச் சொன்னாய். அதில் கையெழுத்து இல்லை. நான் போடவே இல்லை.

ஜூலையில் சொல்லியிருக்கலாம். லீவில் சொல்ல வந்தேன். நீ எழுதுவதை நிறுத்திவிடுவாய் என்ற பயம். நீ பஸ்லினாவைப் பழி சொல்வதைப் பார்த்துக்கொண்டு, உனக்குப் புத்தியும் சொன்னேன். அதுதான் எல்லாவற்றிலும் கேவலம். உன் அம்மாவிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். அவள் எழும்பிப் போனாள்.

நீ பதில் எழுதாவிட்டாலும் அதற்குரியவன்தான் நான்.

முத்துலிங்கம்

*

மகளிர் விடுதி, கண்டி
29.09.2024

பெரியப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மேற்றன் பிரிக்காமலே கொடுத்தார். இந்த விடுதியில் எனக்கு அப்படிக் கிடைத்த முதல் கடிதம் அது. மூன்று வாரமாகப் பதில் எழுத மனம் வரவில்லை. தேர்தல் லீவுக்கு ஊருக்கு வந்தும் உங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அம்மா, "அவரு வாசல்லயே நின்னுக்கிட்டு இருக்காரு புள்ள" என்றார். எனக்குத் தெரியும். பஸ்ஸிலிருந்து பார்த்தேன்.

மாத்தளையில் முதல் போட்டியில் வென்றார்கள். இரண்டாவதில் மூன்று கோல் வாங்கித் தோற்றார்கள். நான் போகவில்லை. திரும்பி வந்த பஸ்ஸிலிருந்து எல்லோரும் இறங்கிய பிறகு பஸ்லினா கடைசியாக இறங்கினாள். அவளுக்குப் பக்கத்தில் யாரும் நடக்கவில்லை. நானும் நடக்கவில்லை. அப்போது உங்கள் கடிதம் என் அலுமாரிக்குள் இருந்தது.

விளையாட்டுப் போனதை நான் பொறுத்துக்கொள்வேன். வேண்டாம் என்று நீங்கள் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், நாலு நாள் சாப்பிடாமல் இருந்திருப்பேன். கடைசியில் கேட்டும் இருப்பேன். நீங்கள்தானே எனக்கு இருக்கிறீர்கள். என் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஏன் முடியவில்லை, பெரியப்பா? நான் என்ன அவ்வளவு பயங்கரமானவளா?

பஸ்லினாவிடம் இதை நான் சொல்லவில்லை. கடிதத்தைக் காட்டவும் மாட்டேன். ஒக்டோபர் 13, இரண்டாம் ஞாயிறு, பார்வையாளர் நாள். இந்த ஐந்து வருடத்தில் ஒரு பார்வையாளர் நாளுக்கும் நீங்கள் வந்ததில்லை. இங்கிலீஷ் பேசும் தகப்பன்மார் நடுவில் நிற்கக் கூச்சம் என்று அம்மா சொல்லியிருக்கிறார். இந்த முறை வாருங்கள். வந்து பஸ்லினாவிடம் நீங்களே சொல்லுங்கள்.

யசோதினி

*

மடுல்கெல்ல
04.10.2024

மகள் யசோதினிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும்.

13ஆந் திகதி காலை ஆறரை பஸ்ஸில் வருகிறேன். வத்தேகமவில் பிந்தாவிட்டால் ஒன்பதுக்கு முன் வாசலில் நிற்பேன். சொல்ல வேண்டியதை எழுதிக்கொண்டு வர நினைத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். தாளைப் பார்த்து வாசித்தால் அதுவும் கடிதமாகிவிடும்.

பயங்கரமானவள் நீ அல்ல.

பெரியப்பா

*

மகளிர் விடுதி, கண்டி
16.10.2024

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வீடு போய்ச் சேர்ந்தீர்களா? அவ்வளவு படி ஏறியதற்கு முழங்கால் நிச்சயம் வலித்திருக்கும். தைலம் போடுங்கள்.

கதிரை கொண்டு வந்து போட்டும் நீங்கள் உட்காரவில்லை. சுற்றிவர மற்றவர்கள் பார்க்கப் பார்க்க, நின்றபடியே பஸ்லினாவிடம், "மகள், இவளை நிறுத்தச் சொல்லி எழுதுனது நான். பழி உன் தலையில விழுந்தது தெரிஞ்சும் பேசாம இருந்தேன்" என்றீர்கள். உங்கள் குரல் இரண்டு இடத்தில் நின்றுபோனது. ஆனால் முடித்தீர்கள். அவள், "சரி பெரியப்பா, இரிங்க, தூரத்திலிருந்து வந்தீங்க தானே, முதல்ல தண்ணி குடிங்க" என்றாள். பஸ்ஸுக்குப் போகும்போது உங்கள் நடை லேசாக இருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டுதான் போயிருப்பீர்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட முதலில் யோசித்தேன். பிறகு, இனி உங்களிடம் எதையும் அப்படி விடக் கூடாது என்று தீர்மானித்தேன். ஆகவே நீங்கள் போன பிறகு நடந்ததையும் எழுதுகிறேன்.

வாசலிலிருந்து திரும்பி வரும்போது பஸ்லினாவின் கையைப் பிடித்தேன். அவள் இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு அவரோட கோபமில்ல," என்றாள். "அவர் எழுதின கடிதத்துல என்ட பேரே இல்லயே. என்னக் காட்டிக் கொடுத்தவளாக்கினது நீ."

இரண்டு அடி நடந்து திரும்பினாள்.

"மூணு மாசம், யசோ. ஒரே ரூமுல. வாப்பாவ ஆஸ்பத்திரியில வெச்சிருந்த நேரம் நான் யார்ட்டப் போய் செல்ற? பஸ்லினா, நீயா போய்ச் சொன்னேண்டு ஒரு தடவ, ஒரே ஒரு தடவ என்ட்ட கேட்டியா நீ?"

"பயமா இருந்துச்சு," என்றேன்.

"எனத்துக்குப் பயம்?"

"நீ ஆமான்னு சொல்லிருவியோன்னு."

"நீ ஒங்கட பெரியப்பாட புள்ளதான்," என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஏறிப் போனாள்.

கோபத்தில் சொன்னாள். ஆனால் மூன்று நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஏன் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை என்று உங்களுக்கு எவ்வளவு கடுமையாக எழுதினேன். நானும் அதைத்தான் செய்திருக்கிறேன். நீங்கள் அட்டவணை போட்டு முடிவெடுத்தீர்கள். நான் கட்டிலைத் தூக்கி ஜன்னல் பக்கம் போட்டேன். நம் இரண்டு பேருக்கும் ஒரு கேள்வி கேட்பதைவிட அது இலகுவாக இருந்திருக்கிறது. நீங்களாவது பஸ் ஏறி வந்தீர்கள். நான் பத்து அடி நடக்கவில்லை.

அவள் இன்னும் பேசவில்லை. இன்று பின்னேரம் படிப்பு நேரத்தில் அவளுடைய மேசைக்குப் போகப்போகிறேன். கணக்குக் கேட்க அல்ல. அவளுடைய வாப்பாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்க. அவள் எழும்பிப் போய்விடலாம். போய்விட்டால் அதையும் மறைக்காமல் உங்களுக்கு எழுதுவேன்.

உங்கள் மகள்,
யசோதினி